சிலேன் ஆலைக் கழிவில் வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

சிலேன் ஆலையின் கழிவுப் பகுதிக்கு வேலைக்கு வருகிறவர் முதல் வாரத்திலேயே பழகிக்கொள்வது வெள்ளைப் புகையை. சிலேன் என்பது சிலிக்கானும் ஹைட்ரஜனும் சேர்ந்த வாயு. அதைத் தயாரிக்கப் பயன்படும், குளோரின் சேர்ந்த சிலிக்கான் பொருள்கள்தான் குளோரோசிலேன்கள். குளோரோசிலேன் எங்கே கசிந்தாலும் காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரஜன் குளோரைடாகவும் சிலிக்காத் தூளாகவும் மாறிவிடும். கண் எரியும், தொண்டை கமறும், யாரும் சொல்லாமலே விலகிப் போவோம். அமிலம் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது. எனக்குப் பயமெல்லாம் கூடவே வருகிற ஹைட்ரஜனிடம்தான். அதற்கு நிறமில்லை, மணமில்லை. அமிலம் தீர்ந்துவிட்டது, வேலை முடிந்தது என்று நாம் கை கழுவின பிறகுதான் அது பல நேரம் வரத் தொடங்கும்.

அதனால் கீழே எந்த அறிகுறியாக இருந்தாலும் கையை வைப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தக் கழிவில் சிலிக்கான்–ஹைட்ரஜன் பிணைப்போ, சிலிக்கான்–சிலிக்கான் பிணைப்போ இருக்கிறதா? சிலிக்கான் டெட்ராகுளோரைடில் இரண்டும் இல்லை. அதிலிருந்து அமிலமும் சிலிக்காவும் மட்டும்தான் வரும். ட்ரைகுளோரோசிலேன், டைகுளோரோசிலேன் இரண்டிலும் சிலிக்கான்–ஹைட்ரஜன் பிணைப்பு உண்டு. காரம் பட்டால் அது ஹைட்ரஜன் வாயுவாக வெளியேறும். காய்ச்சி வடிக்கும் கோபுரத்தின் அடியில் தங்கும் ஹெக்ஸாகுளோரோடைசிலேன் போன்ற கனமான பொருள்களில் சிலிக்கான்–சிலிக்கான் பிணைப்பு உண்டு. அவற்றின் கதை தனி.

கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளலாம். நான்கு மூலக்கூறு ட்ரைகுளோரோசிலேன் மறுபங்கீடு ஆனால், அதாவது தங்களுக்குள் ஹைட்ரஜனையும் குளோரினையும் மாற்றிக்கொண்டால், ஒரு மூலக்கூறு சிலேனும் மூன்று மூலக்கூறு டெட்ராகுளோரைடும் கிடைக்கும். எடையில் பார்த்தால் 1 கிலோ சிலேனுக்குக் கிட்டத்தட்ட 16 கிலோ டெட்ராகுளோரைடு. அந்த டெட்ராகுளோரைடில் 1 கிலோவை நீரில் சிதைத்தால் சுமார் 0.86 கிலோ ஹைட்ரஜன் குளோரைடும் 0.35 கிலோ சிலிக்காவும் வரும். அதை நடுநிலையாக்க ஏறக்குறைய 0.87 கிலோ நீற்றிய சுண்ணாம்பு வேண்டும். 1 கிலோ ட்ரைகுளோரோசிலேன் முழுதாகச் சிதைந்தால், சாதாரண அறை வெப்பநிலையில் சுமார் 180 லிட்டர் ஹைட்ரஜன். ஒரு டிரம்மின் அடியில் தங்கிய கொஞ்சம் திரவமே அந்த டிரம்மை நிரப்பப் போதும்.

ஸ்க்ரப்பரில் அழுத்த வேறுபாடு ஏறிக்கொண்டே போகிறது

ஸ்க்ரப்பர் என்பது கழிவு வாயுவை நீர் தெளித்துக் கழுவும் கோபுரம். அதில் இப்படி என்றால் பெரும்பாலும் சிலிக்கா அடைப்பு. எங்கே அடைத்திருக்கிறது என்பதில்தான் காரணம் இருக்கிறது.

வாயு உள்ளே நுழையும் குழாயின் வாயை முதலில் பாருங்கள். உலர்ந்த வாயுவும் ஈரமும் சந்திக்கிற அந்த விரல் அகல இடத்தில் வெள்ளை வளையம் ஒன்று கட்டும். வெளிப்பக்கம் சுண்ணாம்புக் காரை போலக் கடினமாகவும், உள்பக்கம் ஈரமாக வழவழப்பாகவும் இருக்கும். நாளுக்கு நாள் உள்நோக்கி வளர்ந்து கடைசியில் பென்சில் நுழையும் அளவு துளைதான் மிஞ்சும். இதைக் குத்தி எடுப்பதோடு விட்டால் அடுத்த வாரமும் அதே வேலைதான். நுழைவாயைச் சுற்றி நைட்ரஜன் உறை ஓடுகிறதா, சுவரில் நீர்ப்படலம் இடைவிடாமல் வழிகிறதா என்று பாருங்கள். ஒரு தெளிப்பு நாசில் அடைத்துச் சுவரின் ஒரு பக்கம் காய்ந்துபோனாலே வளையம் அங்கிருந்துதான் தொடங்கும்.

நுழைவாய் சுத்தமாக இருந்து, உள்ளே வாயுவும் நீரும் நன்றாகத் தொடுவதற்காக நிரப்பியிருக்கும் நிரப்புப் பொருளில் அடைப்பு என்றால், நீரின் அமில–காரத் தன்மையைக் காட்டும் பி.எச் அளவைப் பாருங்கள். கரைந்த சிலிக்கா பி.எச் 2 அருகே நெடுநேரம் உறையாமல் நிற்கும். 5, 6 அருகே மிக வேகமாகக் கூழாகிவிடும். சுழலும் நீரை ‘நடுநிலைக்குப் பக்கத்தில் வைத்தால் பாதுகாப்பு’ என்று நினைத்து 6-ல் வைப்பவர்கள் தங்களை அறியாமலே கூழ் தயாரிக்கிறார்கள். ஒன்று தெளிவான அமிலத்தில் ஓட்டுங்கள், இல்லை 10-க்கு மேல் காரத்தில் ஓட்டுங்கள். நடுவில் நிற்க வேண்டாம். சுழலும் நீரைப் போதிய அளவு வெளியேற்றிப் புதுநீர் சேர்க்காவிட்டால் எந்த பி.எச்-சிலும் சிலிக்கா குவியும். குளோரோசிலேன் வருகிற இடத்தில் நிரப்புப் பொருள் உள்ள கோபுரத்தை முதல் கட்டமாக வைப்பதே தவறு என்பது என் கருத்து. முதலில் வெறும் தெளிப்புக் கோபுரம், அதற்குப் பிறகுதான் நிரப்புக் கோபுரம்.

அடைப்பைக் கரைக்க இளஞ்சூடான நீர்த்த காஸ்டிக் சோடா நன்றாக வேலை செய்யும். ஆனால் அந்தக் கோபுரத்துக்கு ட்ரைகுளோரோசிலேன் வந்திருந்தால், அமில நீரில் உருவான அந்தக் கூழுக்குள் சிலிக்கான்–ஹைட்ரஜன் பிணைப்பு அப்படியே இருக்கும். காஸ்டிக் பட்டதும் மொத்தமாக ஹைட்ரஜன் கிளம்பும். கோபுரத்தைச் செயல்முறையிலிருந்து பிரித்து, நைட்ரஜன் ஓடவிட்டு, வென்ட்டை (வாயு வெளியேறும் குழாயை) திறந்து வைத்து, காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

நடுநிலையாக்கும் தொட்டியில் ஊட்டம் போகிறது, வெப்பம் ஏறவில்லை

இதைக் கோளாறு என்றே பலர் எடுத்துக்கொள்வதில்லை. ‘இன்று நல்ல அமைதியாக ஓடுகிறது’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். உடனே ஊட்டத்தை, அதாவது தொட்டிக்குள் போகும் குளோரோசிலேனை, நிறுத்துங்கள்.

குளோரோசிலேனும் நீரும் சேர்ந்தால் வெப்பம் வந்தே தீர வேண்டும். வரவில்லை என்றால் அவை சேரவில்லை. ட்ரைகுளோரோசிலேனின் அடர்த்தி சுமார் 1.34, டெட்ராகுளோரைடின் அடர்த்தி சுமார் 1.48. இரண்டும் நீரைவிடக் கனம். கலக்கி நின்றுபோனாலோ, தண்டு சுற்றியும் இறக்கை கழன்றிருந்தாலோ திரவம் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மேலே மெல்லிய சிலிக்காத் தோல் ஒன்று மூடி நீரைத் தள்ளி வைக்கும். அப்புறம் யாராவது ‘கலக்கி நின்றிருக்கிறது’ என்று கண்டுபிடித்து மறுபடி ஓட்டினால், அரை மணி நேரத்தில் நடந்திருக்க வேண்டிய வினை சில நொடிகளில் நடந்து தொட்டி பொங்கும்.

ஆகவே கலக்கியை மறுபடி ஓட்டாதீர்கள். ஆட்களை விலக்குங்கள், வென்ட்டும் ஸ்க்ரப்பரும் ஓடுகின்றனவா என்று தொலைவிலிருந்தே உறுதிசெய்யுங்கள். எவ்வளவு திரவம் உள்ளே போயிருக்கும் என்பதை ஊட்டக் கணக்கிலிருந்து எடுங்கள். அது தானாக மெல்ல வினைபுரிந்து தீரும்வரை, வெப்பநிலையையும் வென்ட் ஓட்டத்தையும் பார்த்துக்கொண்டு காத்திருப்பதுதான் பெரும்பாலும் சரியான வழி. நிரந்தரத் தீர்வு எளியது: கலக்கி மோட்டாரின் மின்னோட்டம் குறைந்தால் ஊட்ட வால்வு தானாக மூட வேண்டும். மோட்டார் ஓடுகிறது என்ற சைகை மட்டும் போதாது. இறக்கை கழன்றாலும் மோட்டார் ஓடும்.

எப்போதும் குளோரோசிலேனைத்தான் நிறைய நீருக்குள் அல்லது சுண்ணாம்புப் பாலுக்குள் விட வேண்டும். குளோரோசிலேன் இருக்கும் பாத்திரத்துக்குள் நீரை விடக் கூடாது.

குமிழி அடங்கவே இல்லை. அல்லது டிரம் மூடி உப்பியிருக்கிறது

குமிழி என்ன வாயு என்று முதலில் பிரித்தறியுங்கள். சுண்ணாம்புக் கல் தூளோ சோடா உப்போ பயன்படுத்துகிறீர்கள் என்றால், அமிலப் பக்கத்தில் வருவது பெரும்பாலும் கார்பன் டைஆக்சைடு. பி.எச் ஏற ஏற அது அடங்கும். பி.எச் 8, 9 தாண்டிய பிறகு குமிழி கூடினால் அது ஹைட்ரஜன்.

இதை அளக்க எந்தக் கருவியை எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். வழக்கமான வினையூக்கி மணி வகை வாயு உணரியைச் சிலேனும் சிலிக்கோன் ஆவிகளும் கெடுத்துவிடும். மணியின் மேல் சிலிக்கா படிந்து, உணரி ‘பூஜ்யம்’ என்றே காட்டிக்கொண்டிருக்கும். அகச்சிவப்பு வகை உணரிக்கு ஹைட்ரஜன் கண்ணிலேயே படாது. மின்வேதி உணரியோ வெப்பக் கடத்து உணரியோ வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கருவியானாலும் அன்றன்று சோதனை வாயு காட்டிப் பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள். ஹைட்ரஜன் காற்றில் 4% முதல் 75% வரை தீப்பிடிக்கும்.

முன்பு ஒரு ஆலையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஸ்க்ரப்பர் அடித் தொட்டியிலிருந்து வாரிய கூழ் அது. அமிலத்தாள் காட்டி, கழுவி, மேலே கொஞ்சம் சுண்ணாம்பு தூவி டிரம்மில் போட்டு வளையம் மாட்டி இறுக்கிவிட்டார்கள். தாளில் நிறம் சரியாகத்தான் இருந்தது. மறுநாள் காலை வரிசையில் நின்ற டிரம்களில் ஒன்றின் மூடி மட்டும் கவிழ்த்த கிண்ணம் போல மேலே வளைந்திருந்தது. வளையத்தை ஒட்டி நீலப் பூச்சு முடி அளவுக்கு விரிந்து, உள்ளே இருந்த தகரம் பளபளத்தது. தூவின சுண்ணாம்பு இரவு முழுக்க மெல்லக் கீழிறங்கி, கூழுக்குள் அடைபட்டிருந்த பிணைப்புகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அமிலத்தாள் பொய் சொல்லவில்லை. நாங்கள் அதனிடம் கேட்ட கேள்விதான் தவறு.

அப்படி ஒரு டிரம்மைக் கண்டால் நகர்த்தாதீர்கள், போல்ட்டைத் தளர்த்தாதீர்கள், பக்கத்தில் நின்று படமெடுக்காதீர்கள். பகுதியைக் காலிசெய்து, தீப்பொறி தரக்கூடிய எல்லாவற்றையும் நிறுத்தி, தொலைவிலிருந்து துளையிட்டு அழுத்தம் இறக்கும் கருவியும் பயிற்சியும் உள்ள குழுவிடம் ஒப்படையுங்கள்.

வராமல் தடுக்கும் முறை இதுதான். திறந்த, வென்ட் உள்ள தொட்டியில் பி.எச் 10-க்கு மேல் வைத்து, கலக்கிக்கொண்டே இருந்து, குமிழி நிற்கும்வரை விடுங்கள். பிறகு பட்டாணி அளவு மாதிரி எடுத்து, புகைக் கூண்டுக்குள் திறந்த பீக்கரில் நீர்த்த காஸ்டிக்கில் போட்டுப் பாருங்கள். கட்டியை நசுக்கிவிட்டு மறுபடி பாருங்கள், ஏனென்றால் வெளித்தோல் தீர்ந்து உள்ளே மிச்சம் இருக்கும். குமிழி இல்லை என்றால்தான் டிரம். அதுவும் அழுத்தம் வெளியேறும் மூடியோடு. சிலிக்கான்–ஹைட்ரஜன் பிணைப்பு மட்டும் உள்ள கழிவுக்குத்தான் இந்தச் சோதனை. காய்ச்சி வடிக்கும் கோபுரத்தின் அடிக் கழிவுக்கு இப்படி நசுக்கிப் பார்க்கக் கூடாது. ஏன் என்பது அடுத்து வருகிறது.

கழற்றிய கருவிக்குள் வெள்ளை அல்லது மஞ்சள் நிறப் படிவு. தொட்டால் படபடவென்று வெடிக்கிறது

நிறுத்துங்கள். சுரண்ட வேண்டாம், தட்ட வேண்டாம், காற்று அடித்துக் காய வைக்க வேண்டாம்.

ஹெக்ஸாகுளோரோடைசிலேன் போன்ற கனமான குளோரோசிலேன்கள் ஈரக்காற்றில் சிதைந்தால் கிடைக்கும் திடப்பொருள், பார்வைக்கு வெறும் சிலிக்கா மாதிரியே இருக்கும். ஆனால் அதற்குள் சிலிக்கான்–சிலிக்கான் பிணைப்பு மிஞ்சியிருக்கும். காய்ந்த நிலையில் உராய்வோ அடியோ பட்டால் வெடிக்கும். 2014 ஜனவரி 9 அன்று ஜப்பானின் யொக்கைச்சியில் ஒரு பாலிசிலிக்கான் (தூய சிலிக்கான்) ஆலையில், சுத்தம் செய்யக் கழற்றி வைத்திருந்த வெப்பப் பரிமாற்றியைத் திறந்தபோது வெடித்து 5 பேர் இறந்தார்கள். ஈரமான நைட்ரஜன் செலுத்தி உள்ளிருப்பதைச் சிதைத்து வைத்த பிறகுதான் அதைத் திறந்தார்கள். குளிர்ந்த நிலையில் நடந்த அந்த அரைகுறைச் சிதைவில் உருவான பொருளே வெடித்தது. ‘ஈரம் காட்டிவிட்டோம், இனி பாதுகாப்பு’ என்ற எண்ணம் இந்தப் பொருளிடம் செல்லாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

திறப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலைதான் இங்கே பெரிது. கருவி குழாயோடு இணைந்திருக்கும்போதே சூடான டெட்ராகுளோரைடு விட்டுக் கழுவி, கனமான பொருள்களைக் கரைத்து வெளியேற்றுங்கள். அப்புறம் சூடான உலர் நைட்ரஜன் விட்டு ஆவியாகக்கூடியதை எல்லாம் ஓட்டுங்கள். ஈரம் கடைசியில்தான் வர வேண்டும். ஏற்கனவே திறந்துவிட்டீர்கள், படிவு தெரிகிறது என்றால் அதைக் காயவிடாமல் நனைத்தே வைத்து, ஆட்களை விலக்கி, காரக் கரைசல் கொண்டு தொலைவிலிருந்து சிதைக்கும் திட்டத்தைப் பாதுகாப்புப் பொறியாளரோடு எழுதி முடித்த பிறகு தொடருங்கள். காரம் சிலிக்கான்–சிலிக்கான் பிணைப்பை உடைக்கும். அதிலும் ஹைட்ரஜன் வரும். இரும்புச் சுரண்டி, கம்பித் தூரிகை இரண்டும் அந்தப் பகுதிக்குள்ளேயே இருக்கக் கூடாது.

ஸ்லரி குழாய் அடைத்துக்கொண்டது

வினைக்கலத்திலிருந்து வரும் கழிவுத் திரவமான ஸ்லரியில் நுண்ணிய சிலிக்கான் தூள், இரும்பு, அலுமினியம், டைட்டானியம் குளோரைடுகள் எல்லாம் இருக்கும். அடிக்கடி தொல்லை தருவது அலுமினியம் குளோரைடு. சூடான டெட்ராகுளோரைடில் ஓரளவு கரைந்து வந்து, குழாய் குளிர்கிற இடத்தில் படிந்துவிடும். வாயுவோடு போனால், அது சுமார் 180 டிகிரி செல்சியஸில் பதங்கமாகிற பொருள் ஆகையால், அதற்குக் கீழே இறங்குகிற முதல் வளைவில் பனி போல ஒட்டும்.

குழாயின் வெளிப்புற வெப்பநிலையைக் கைக்கருவியால் வரிசையாக அளந்துகொண்டே போங்கள். திடீரென்று இறங்கும் இடத்தில் அடைப்பு இருக்கும், அல்லது அங்கே குழாயைச் சூடாக வைக்கும் வெப்பச் சுற்றுக் கம்பி அறுந்திருக்கும். சூடேற்றி, டெட்ராகுளோரைடு விட்டுக் கழுவினால் பெரும்பாலும் விடும். நீராவி விட்டு அடைப்பெடுக்க நினைக்காதீர்கள். அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அடைப்பு மாதா மாதம் வந்தால் குழாயைத் திட்டிப் பயனில்லை. வாங்கும் சிலிக்கானில் அலுமினியம் எவ்வளவு என்ற அறிக்கையை எடுத்துப் பாருங்கள்.

பில்டர் பிரஸ்ஸில் கேக் பிடிக்கவில்லை, களி மாதிரி வழிகிறது

பில்டர் பிரஸ் என்பது கசடை அழுத்தி நீரைப் பிழிந்து, கேக் எனும் கட்டியாக்கும் கருவி. கேக் பிடிக்கவில்லை என்றால் சுண்ணாம்பை அவசரமாகக் கொட்டியிருப்பார்கள். பி.எச் ஒரே மூச்சில் 5, 6-ஐத் தாண்டும்போது சிலிக்கா நீரை உள்ளடக்கிய கூழாக உறைந்துவிடும். எந்த அழுத்தத்திலும் அது நீரை விடாது. மெதுவாகச் சேருங்கள், பழைய கசடைக் கொஞ்சம் திருப்பி விடுங்கள். அதன் மேல் புதிய துகள் படிந்து வளரும். கேக்கை உடைத்தால் உள்ளிருந்து புகை வருகிறதென்றால் வினை முடியவில்லை. அது மறுபடி தொட்டிக்குத்தான் போக வேண்டும்.

வடிநீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1 கிலோ டெட்ராகுளோரைடு 1.3 கிலோ கால்சியம் குளோரைடாக நீரில் கரைந்து நிற்கும். எந்த வடிகட்டியும் அதைப் பிடிக்காது. தெளிவாக இருக்கிறதே என்று ஓடையில் விட்டால் நிலம் உப்பாகும். ஆவியாக்கி உப்பாக எடுக்க வேண்டும், அல்லது உப்புநீராகப் பயன்படுத்துகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

புகைபோக்கியில் புகை

நிறத்தைப் பாருங்கள். பழுப்பு என்றால் எரிப்பானில் ஆக்சிஜன் போதவில்லை. சிலேன் முழுதாக எரியாமல் சிலிக்கான் துகளாகப் போகிறது. வெள்ளை என்றால் நீராவியோ, சிலிக்காத் தூளோ, அமிலப் பனியோ. வெளியே கொஞ்ச தூரத்தில் கலைந்து மறைந்தால் பெரும்பாலும் நீராவி. நெடுந்தூரம் மெல்லிய இழையாக நீண்டால் நுண்ணிய துகள். இந்தத் துகள் ஒரு மைக்ரானுக்கும் கீழே இருப்பதால் ஸ்க்ரப்பரில் எவ்வளவு நீரைக் கூட்டினாலும் நழுவிப் போகும். ஈர மின்நிலை வீழ்படிவியோ நார்ப் படுக்கை வடிகட்டியோதான் பிடிக்கும்.

சிலேன் வென்ட்டில் ‘டப்’ என்ற சத்தம்

சிலேன் காற்றில் பட்டதும் தானே தீப்பிடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். சில நேரம் பிடிக்காது என்பதுதான் ஆபத்து. ஏறக்குறைய 1.4% முதல் 96% வரை தீப்பிடிக்கக்கூடிய இந்த வாயு, வேகமாக வெளியேறினாலோ, அளவு மெலிந்திருந்தாலோ, உடனே எரியாமல் காற்றோடு கலந்து நின்று பிறகு மொத்தமாக வெடிக்கும். ‘டப்’ சத்தம் அதன் சிறிய வடிவம்.

வென்ட் முனையில் சிலிக்காப் பஞ்சு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். துளை சுருங்கினால் வேகம் கூடும், பற்றுவது தள்ளிப்போகும். நைட்ரஜன் ஓட்டம் விட்டுவிட்டு வருகிறதா என்பதையும் பாருங்கள். சுத்தம் செய்யும் முன் குழாயை அடைத்துப் பிரித்து நைட்ரஜனால் பலமுறை கழுவ வேண்டும். கசிந்து எரிகிற சிலேன் தீயை, வரத்தை மூடாமல் அணைக்கவே கூடாது.

டெட்ராகுளோரைடு தொட்டி மட்டம் வாரா வாரம் ஏறுகிறது

இது கழிவுப் பகுதியின் கோளாறு இல்லை. ஆனால் கடைசியில் நம் தலையில்தான் விடியும். டெட்ராகுளோரைடை அழிப்பதைவிட, ஹைட்ரஜனும் சிலிக்கான் தூளும் சேர்த்து 500 டிகிரி செல்சியஸுக்கு மேல், உயர் அழுத்தத்தில் மறுபடி ட்ரைகுளோரோசிலேனாக மாற்றுவதுதான் முறை. இல்லையென்றால் புகைச் சிலிக்கா (மிக நுண்ணிய சிலிக்காத் தூள்) தயாரிப்புக்குக் கொடுக்கலாம். சீனாவில் 2008-ல் ஒரு ஆலை டெட்ராகுளோரைடை வயல்வெளியில் கொட்டியது உலகமெங்கும் செய்தியானது. 2011-ல் அந்த நாடு 98.5% மீட்க வேண்டும் என்று விதித்தது.

மட்டம் ஏறினால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, மாற்றும் வினைக்கலத்தில் வெப்பநிலை, சிலிக்கான் படுக்கை உயரம், தூளின் பருமன். நுண்தூள் அதிகம் பறந்துபோனால் படுக்கை மெலிந்து மாற்றம் குறையும். இரண்டு, மறுபங்கீட்டுப் படுக்கைக்கு வரும் ட்ரைகுளோரோசிலேனில் டெட்ராகுளோரைடு எவ்வளவு கலந்திருக்கிறது. முன்னால் உள்ள கோபுரம் சரியாகப் பிரிக்காவிட்டால் அது சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும், சிலேன் குறையும்.

மறுபங்கீட்டுப் படுக்கையில் வினையூக்கியாக இருப்பது அமீன் வகை ரெசின். ஈரம் புகுந்தால் அதன் மேல் சிலிக்கா படிந்து வேலை செய்யாது. மாற்றும்போது வெளியே எடுக்கும் ரெசினை வெறும் பிளாஸ்டிக் மணி என்று குப்பையில் சேர்த்துவிடாதீர்கள். ஒவ்வொரு மணிக்குள்ளும் டைகுளோரோசிலேனும் மோனோகுளோரோசிலேனும் ஊறியிருக்கும். சூடான நைட்ரஜனில் வெளியேறும் வாயுவில் குளோரைடு நிற்கும்வரை ஓட்டி, பிறகு கலத்துக்குள்ளேயே ஈர நைட்ரஜன், அதற்குப் பிறகு நீர்த்த காரம், கடைசியில் மேலே சொன்ன குமிழிச் சோதனை. நான்கையும் முடித்துவிட்டு மேன்ஹோலைத் திறங்கள்.